வேதி மின்கலம்

வேதி மின்கலம் என்பது ஒரு வேதிவினையில் வெளிப்படும் ஆற்றலை நேரடியாக மின்னாற்றலாக மாற்றித் தரும் அமைப்பு ஆகும். கைவிளக்கில் இடப்படும் உலர் கலம், ஊர்திகளில் உள்ள காரீய-அமிலக் கலம், கைபேசியில் உள்ள இலித்தியம் அயனிக் கலம், விண்கலங்களில் பயன்பட்ட எரிபொருள் கலம் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கலங்களை ஒன்றாக இணைத்த தொகுதி மின்கல அடுக்கு எனப்படும். பேச்சு வழக்கில் தனிக் கலமும் அடுக்கும் வேறுபாடின்றி பாட்டரி அல்லது பேட்டரி என்றே அழைக்கப்படுகின்றன.

மின்கலத்தினுள் மின்சாரம் அடைத்து வைக்கப்பட்டுள்ளது என்பது பரவலாக உள்ள தவறான கருத்து. கலத்தினுள் இருப்பவை ஒன்றோடொன்று வினைபுரியக் காத்திருக்கும் வேதிப்பொருள்களே. கலத்தின் ஒரு முனையிலிருந்து வெளியேறும் எதிர்மின்னிகளின் (எலக்ட்ரான்களின்) அளவு எவ்வளவோ, அதே அளவு எதிர்மின்னிகள் மறுமுனை வழியாக உள்ளே திரும்புகின்றன. எனவே பயன்படுத்தித் தீர்ந்த கலத்தில் எதிர்மின்னிகள் குறைந்துவிடுவதில்லை. வினைபுரிய வேண்டிய பொருள்களே தீர்ந்துவிடுகின்றன.

அடிப்படைத் தத்துவம்

பல வேதிவினைகளில் ஒரு பொருள் எதிர்மின்னிகளை இழக்க, மற்றொரு பொருள் அவற்றை ஏற்கிறது. எதிர்மின்னிகளை இழப்பது ஆக்சிசனேற்றம் எனவும், ஏற்பது ஒடுக்கம் எனவும் அழைக்கப்படும். இவ்விரு பொருள்களும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் எதிர்மின்னிகள் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவிற்கு உடனே தாவிவிடும். வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகவே போய்விடும்.

வேதி மின்கலம் இந்த ஒரே வினையை இரண்டு பாதிகளாகப் பிரித்து, அவற்றை வெவ்வேறு இடங்களில் நிகழச் செய்கிறது. எதிர்மின்னிகள் ஓரிடத்தில் விடுபட்டு, வேறோரிடத்தில் ஏற்கப்படுகின்றன. இரண்டு இடங்களுக்கும் இடையே எதிர்மின்னிகள் செல்லத்தக்க வழி வெளியே உள்ள கம்பி மட்டுமே. அக்கம்பியில் ஒரு விளக்கையோ மின்னோடியையோ இணைத்தால், கடந்து செல்லும் எதிர்மின்னிகள் அதனை இயக்குகின்றன. எல்லா வகை மின்கலங்களும் இந்த ஒரு தத்துவத்தின் அடிப்படையிலேயே இயங்குகின்றன.

இதற்கு மூன்று உறுப்புகள் தேவை:

* எதிர்முனை: இங்கு ஆக்சிசனேற்றம் நிகழ்ந்து எதிர்மின்னிகள் விடுபடுகின்றன.
* நேர்முனை: இங்கு ஒடுக்கம் நிகழ்ந்து எதிர்மின்னிகள் ஏற்கப்படுகின்றன.
* மின்பகுளி: இரு முனைகளுக்கும் இடையே உள்ள நீர்மம், பசை அல்லது திண்மம். இது அயனிகளைக் கடத்தும், எதிர்மின்னிகளைக் கடத்தாது.

மின்பகுளி எதிர்மின்னிகளைக் கடத்தினால் அவை வெளிக்கம்பியை நாடாமல் கலத்தினுள்ளேயே கடந்துவிடும். அயனிகளைக் கடத்தாவிட்டால் ஒரு முனையில் நேர்மின்மமும் மறுமுனையில் எதிர்மின்மமும் குவிந்து வினை உடனே நின்றுவிடும். வெளியே எதிர்மின்னிகளும் உள்ளே அயனிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் மின்சுற்று முழுமையடையும்.

டேனியல் கலம்

இத்தத்துவத்தை விளக்கப் பாடநூல்களில் பெரிதும் பயன்படும் எடுத்துக்காட்டு டேனியல் கலம் ஆகும். மயில்துத்தக் கரைசலில் (செப்பு சல்பேட்டு) ஒரு துத்தநாகத் தகட்டை இட்டால், தகட்டின் மீது செம்பு படிகிறது, கரைசலின் நீல நிறம் மங்குகிறது, கரைசல் சூடாகிறது. துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எதிர்மின்னிகளைச் செப்பு அயனிக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டுக் கரைசலினுள் செல்கிறது. மின்னோட்டம் எதுவும் கிடைப்பதில்லை.

டேனியல் கலத்தில் துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட்டுக் கரைசலிலும், செப்புத் தகடு செப்பு சல்பேட்டுக் கரைசலிலும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. இரு கரைசல்களும் நுண்துளைகள் கொண்ட மண்கலத்தினாலோ உப்புப் பாலத்தினாலோ இணைக்கப்படுகின்றன. அப்போது நிகழும் வினைகள் வருமாறு:

எதிர்முனையில்: துத்தநாகம் → துத்தநாக அயனி + 2 எதிர்மின்னிகள்

நேர்முனையில்: செப்பு அயனி + 2 எதிர்மின்னிகள் → செம்பு

நிகழும் மொத்த வினை முன்னதேதான். ஆனால் துத்தநாகமும் செப்பு அயனியும் தொட்டுக்கொள்ளாததால் எதிர்மின்னிகள் கம்பி வழியே சென்றாக வேண்டும். நேரடியாக வினைபுரியும்போது ஒரு மோல் துத்தநாகத்திற்கு (65.4 கிராம்) ஏறத்தாழ 219 கிலோசூல் வெப்பம் வெளிப்படும். அதே அளவு துத்தநாகம் கலத்தினுள் வினைபுரியும்போது, ஏறத்தாழ 212 கிலோசூல் வரை மின்னாற்றலாகப் பெறலாம்.

மின்னழுத்தமும் கொள்ளளவும்

ஒரு கலத்தின் மின்னழுத்தம் அதிலுள்ள பொருள்களின் தன்மையைப் பொறுத்தது. அவற்றின் அளவைப் பொறுத்ததன்று. துத்தநாகத்தின் தர மின்முனை அழுத்தம் -0.76 வோல்ட்டு, செம்பினுடையது +0.34 வோல்ட்டு. இவற்றின் வேறுபாடான 1.10 வோல்ட்டே டேனியல் கலத்தின் மின்னழுத்தம். கலத்தை அண்டா அளவிற்குப் பெரிதாகச் செய்தாலும் இம்மதிப்பு மாறாது. சிறிய பென்சில் கலமும் பெரிய கைவிளக்குக் கலமும் ஒரே 1.5 வோல்ட்டு தருவது இதனாலேயே.

பொருள்களின் அளவு கூடும்போது கூடுவது கலத்தின் கொள்ளளவு ஆகும். இது ஆம்ப்பியர்-மணி என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மோல் எதிர்மின்னிகளின் மின்மம் 96,485 கூலும். இதற்குப் பாரடே மாறிலி என்று பெயர். ஒரு மோல் துத்தநாகம் இரண்டு மோல் எதிர்மின்னிகளைத் தருவதால், 65.4 கிராம் துத்தநாகத்திலிருந்து 1,92,970 கூலும், அதாவது 53.6 ஆம்ப்பியர்-மணி கிடைக்கும். 0.3 ஆம்ப்பியர் எடுக்கும் சிறு விளக்கு ஒன்றிற்கு இது கோட்பாட்டளவில் ஏறத்தாழ 178 மணி நேரத்திற்குப் போதுமானது.

மூன்றாவது முக்கியப் பண்பு அகத்தடை. அயனிகள் மின்பகுளி வழியே நகர்வதற்கும், முனைகளின் மேற்பரப்பில் வினை நிகழ்வதற்கும் உள்ள தடை இது. கலம் பழையதாகும்போது அகத்தடை கூடுகிறது. தீரும் நிலையிலுள்ள உலர் கலத்தை வோல்ட்டுமானியில் இணைத்தால் 1.3 வோல்ட்டு காட்டக்கூடும். ஆனால் விளக்கில் இட்டால் விளக்கு எரியாது. வோல்ட்டுமானி மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அகத்தடையின் விளைவு அதில் தெரிவதில்லை. மின்னோட்டம் மிகுந்தவுடன் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி கலத்தினுள்ளேயே வீழ்ந்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்திற்கு மிகச் சிறிய மின்னோட்டமே தேவைப்படுவதால், கைவிளக்கை எரிக்காத கலம் கடிகாரத்தைச் சில வாரங்கள் ஓட்டக்கூடும்.

கலங்களைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தங்கள் கூடும். ஊர்திகளின் 12 வோல்ட்டு மின்கல அடுக்கில் 2 வோல்ட்டு கலங்கள் ஆறு உள்ளன. இணையாக இணைத்தால் மின்னழுத்தம் மாறாமல் கொள்ளளவு கூடும். தொடர் இணைப்பில் பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து இடுதல் கூடாது. பழைய கலம் முதலில் தீர்ந்த பின்னும் புதிய கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். அப்போது தீர்ந்த கலத்தினுள் வேண்டாத வினைகள் நிகழ்ந்து, வளிமம் உண்டாகி, மின்பகுளி கசிய நேரிடும்.

பெயர்கள் பற்றிய குழப்பம்

ஆக்சிசனேற்றம் நிகழும் முனை ஆனோடு எனவும், ஒடுக்கம் நிகழும் முனை கத்தோடு எனவும் வேதியியலில் வரையறுக்கப்படுகின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இவை முறையே நேர்மின்வாய், எதிர்மின்வாய் எனப் பெயர்க்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி நிகழ்த்தும் மின்பகுப்பிற்கு இப்பெயர்கள் பொருந்தும். ஆனால் மின்சாரம் தரும் கலத்தில் ஆனோடு எதிர்மின் தன்மையும் கத்தோடு நேர்மின் தன்மையும் கொண்டிருக்கும். மேலும், மீள மின்னேற்றும்போது வினை திசைமாறுவதால் ஆனோடாக இருந்த முனை கத்தோடாகிறது. எனினும் அதன் எதிர்மின் குறி மாறுவதில்லை. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் எதிர்முனை, நேர்முனை என்னும் சொற்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன.

வரலாறு

இத்தாலிய மருத்துவ அறிஞர் லூயிசி கால்வானி, இரு வேறு உலோகங்களால் தொடும்போது இறந்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு, 1791-ல் அதனை விலங்கு மின்சாரம் என விளக்கி வெளியிட்டார். மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, உலோகங்களிலிருந்தே வருகிறது என்று அலெசாண்ட்ரோ வோல்ட்டா மறுத்தார். துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றின் வில்லைகளை, உப்புநீரில் நனைத்த அட்டைகளை இடையிட்டு மாறிமாறி அடுக்கி, 1800-ல் முதல் மின்கல அடுக்கை அவர் உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் அவ்வகை அடுக்கைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரித்தனர்.

வோல்ட்டா அடுக்கின் மின்னோட்டம் விரைவில் குன்றியது. நேர்முனையில் ஐதரசன் குமிழிகள் படிந்து வினையைத் தடுத்ததே இதற்கு முக்கியக் காரணம். ஜான் பிரெடரிக் டேனியல் 1836-ல் இரு கரைசல்களைக் கொண்ட கலத்தை அமைத்து, ஐதரசனுக்குப் பதிலாகச் செம்பு படியுமாறு செய்து இக்குறையை நீக்கினார். சீரான மின்னோட்டம் தந்த இக்கலம் தந்தித் துறையில் பெரிதும் பயன்பட்டது.

பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-ல் மீள மின்னேற்றத்தக்க காரீய-அமிலக் கலத்தை உருவாக்கினார். அதே நாட்டின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866-ல் துத்தநாகம், மாங்கனீசு ஈராக்சைடு ஆகியவற்றாலான கலத்தை அமைத்தார். அதன் நீர்மத்தைப் பசையாக மாற்றி, துத்தநாகக் குவளைக்குள் அடைத்து, உலர் கலமாக 1880-களில் ஆக்கியவர் செருமானியரான கார்ல் காஸ்னர்.

இலித்தியம் அயனிக் கலத்தின் அடிப்படைகள் 1970-களிலும் 1980-களிலும் உருவாயின. சோனி நிறுவனம் 1991-ல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்பணிக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அக்கிரா யோசினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இத்துறைக்கென அமைந்த ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ளது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எனப்படும் இதற்கு 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் இது திறக்கப்பட்டது. இதற்கான நிலத்தையும் பெருந்தொகையையும் அழகப்பச் செட்டியார் நன்கொடையாக வழங்கினார்.

வகைகள்

முதன்மைக் கலங்கள்

வினைப்பொருள்கள் தீர்ந்தபின் மீள மின்னேற்றிப் பயன்படுத்த இயலாதவை முதன்மைக் கலங்கள் எனப்படும். சாதாரண உலர் கலத்தின் வெளிக்குவளையே துத்தநாகத்தாலான எதிர்முனை ஆகும். நடுவிலுள்ள கரித்தண்டு நேர்முனையின் மின்கடத்தி மட்டுமே; அங்கு உண்மையில் ஒடுக்கமடைவது தண்டைச் சுற்றியுள்ள கருநிற மாங்கனீசு ஈராக்சைடு. பயன்படுத்தப் பயன்படுத்தக் குவளை அரித்து மெலிந்து ஓட்டை விழுவதால், பழைய கலங்கள் கசிந்து கருவிகளைக் கெடுக்கின்றன. காரக் கலத்திலும் இதே வினைப்பொருள்கள் உள்ளன. ஆனால் துத்தநாகம் தூளாக நடுவில் இடப்பட்டு, பொட்டாசியம் ஐதராக்சைடு மின்பகுளியாகிறது. தூளின் பரப்பு மிகுதியாதலால் இது கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும்.

சேமக் கலங்கள்

வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்தி, வினையைப் பின்னோக்கி நிகழ்த்தி, பழைய நிலைக்குக் கொண்டுவரத்தக்கவை சேமக் கலங்கள் அல்லது துணைக் கலங்கள் எனப்படும்.

காரீய-அமிலக் கலத்தில் எதிர்முனை காரீயம். நேர்முனை காரீய ஈராக்சைடு. மின்பகுளி நீர்த்த கந்தக அமிலம். மின்னிறக்கத்தின்போது இரு முனைகளிலும் காரீய சல்பேட்டு உண்டாகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. இதனால் முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 1.28 ஆக இருக்கும் அமிலத்தின் ஒப்படர்த்தி படிப்படியாகக் குறையும். பணிமனைகளில் அமிலத்தின் அடர்த்தியை அளந்து கலத்தின் நிலையை அறிவது இதன் அடிப்படையிலேயே. மின்னிறங்கிய கலத்தை நெடுநாள் அப்படியே விட்டுவைத்தால் காரீய சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகி, மீண்டும் வினைபுரியாத நிலையை அடைகிறது. அளவுக்கு மீறி மின்னேற்றினால் நீர் ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரியும். குறைந்த நீரை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றப்படுவதும், மின்னேற்றும் இடத்தில் தீப்பொறி கூடாது என்பதும் இதனாலேயே.

இலித்தியம் அயனிக் கலத்தில் இலித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கும் இடையே போய்வருகின்றன. மின்னேற்றும்போது அவை கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே புகுகின்றன. மின்னிறக்கத்தின்போது அங்கிருந்து வெளியேறி, கோபால்ட்டு ஆக்சைடு போன்ற நேர்முனைப் பொருளின் அடுக்குகளுக்குள் செல்கின்றன. இதன் மின்னழுத்தம் 3.6 முதல் 3.7 வோல்ட்டு. இத்தகைய உயர் மின்னழுத்தத்தில் நீர் சிதைந்துவிடும் என்பதால் கரிமக் கரைப்பான்களே மின்பகுளியில் பயன்படுகின்றன. இவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. கலம் நசுங்கினாலோ, துளைபட்டாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டாலோ உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வெப்பம் மேலும் வெப்பத்தைத் தூண்டும் கட்டுமீறிய நிலை உருவாகலாம். இலித்தியம் இரும்பு பாசுபேட்டை நேர்முனையாகக் கொண்ட கலங்கள் 3.2 வோல்ட்டே தந்தாலும், வெப்பத்தை மிகுதியாகத் தாங்குகின்றன.

எரிபொருள் கலம்

மேற்கண்ட கலங்களில் வினைப்பொருள்கள் கலத்தின் உள்ளேயே உள்ளன. எரிபொருள் கலத்தில் அவை வெளியிலுள்ள கலன்களிலிருந்தும் காற்றிலிருந்தும் இடைவிடாது செலுத்தப்படுகின்றன. எனவே எரிபொருள் கலம் தீர்ந்துபோவதில்லை. எரிபொருள் வரும்வரை மின்சாரம் தரும். வரத்து நின்றால் மின்சாரமும் நின்றுவிடும்.

வில்லியம் குரோவ் 1839-ல் பிளாட்டினத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றிலிருந்து மின்னோட்டம் பெறலாம் என்று காட்டினார். மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் வினையின் எதிர்த்திசை வினையே இது. புரோட்டான் கடத்தும் படலத்தைக் கொண்ட எரிபொருள் கலத்தில் நிகழ்வன:

எதிர்முனையில்: 2 ஐதரசன் மூலக்கூறுகள் → 4 புரோட்டான்கள் + 4 எதிர்மின்னிகள்

நேர்முனையில்: 1 ஆக்சிசன் மூலக்கூறு + 4 புரோட்டான்கள் + 4 எதிர்மின்னிகள் → 2 நீர் மூலக்கூறுகள்

படலம் புரோட்டான்களை மட்டுமே கடக்கவிடுகிறது. எதிர்மின்னிகள் வழக்கம்போல வெளிக்கம்பியில் செல்கின்றன. குறைந்த வெப்பநிலையில் இவ்வினைகளை விரைவுபடுத்தப் பிளாட்டினம் வினையூக்கியாகத் தேவைப்படுவது இக்கலத்தின் விலையைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று.

கோட்பாட்டின்படி இக்கலத்தின் மின்னழுத்தம் 25 பாகை செல்சியசில் 1.23 வோல்ட்டு. மின்னோட்டம் எடுக்கும்போது 0.6 முதல் 0.7 வோல்ட்டு வரையே கிடைப்பதால், பல கலங்கள் அடுக்காக இணைக்கப்படுகின்றன. ஒரு மோல் ஐதரசன் எரிந்து நீர்மநிலை நீராகும்போது வெளிப்படும் 286 கிலோசூல் ஆற்றலில் 237 கிலோசூல் வரை, அதாவது 83 விழுக்காடு வரை, மின்னாற்றலாக மாறலாம். நடைமுறையில் 40 முதல் 60 விழுக்காடு கிடைக்கிறது. எரிபொருளை எரித்து வெப்பமாக்கி, அவ்வெப்பத்தால் பொறியை ஓட்டும் முறைக்கு உள்ள கார்னோ வரம்பு எரிபொருள் கலத்திற்குப் பொருந்தாது.

ஐதரசன் தோண்டி எடுக்கப்படும் நிலக்கரி போன்றதன்று. இன்று பயன்படும் ஐதரசனில் பெரும்பகுதி இயற்கை எரிவளியிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் உருவாக்கப்படுகிறது. அவ்வாறு உருவாக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. எனவே கலத்திலிருந்து வெளிவருவது நீர் மட்டுமே என்றாலும், ஐதரசன் எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் தூய்மையை மதிப்பிட முடியும்.

அப்பல்லோ 13

எரிபொருள் கலங்கள் 1965-ல் ஜெமினி 5 விண்கலத்தில் பயன்பட்டன. பின்னர் பிரான்சிசு தாமசு பேக்கன் உருவாக்கிய காரவகையின் வழிவந்தவை அப்பல்லோ விண்கலங்களில் இடம்பெற்றன. மின்சாரத்துடன் வீரர்களுக்கான குடிநீரையும் இவை தந்தன.

1970 ஏப்ரல் 13 அன்று நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13-ன் ஆக்சிசன் கலன் ஒன்று வெடித்தது. மற்றொரு கலனும் கசியத் தொடங்கியது. ஐதரசன் இருந்தும், ஆக்சிசன் வரத்து நின்றதால் மூன்று எரிபொருள் கலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. வீரர் மூவரும் நிலவில் இறங்குவதற்கான துணைக்கலத்திற்கு மாறினர். அத்துணைக்கலத்தின் மின்சாரம் வெள்ளி-துத்தநாக மின்கல அடுக்குகளிலிருந்து கிடைத்தது. வினைப்பொருள்கள் உள்ளேயே இருந்ததால் அவை தொடர்ந்து இயங்கின. ஆனால் அவற்றின் கொள்ளளவு வரம்புடையது. ஆகவே பெரும்பாலான கருவிகள் நிறுத்தப்பட்டு, குளிரையும் நீர்த் தட்டுப்பாட்டையும் தாங்கி, வீரர்கள் ஏப்ரல் 17 அன்று உயிருடன் பூமி திரும்பினர். இருவகைக் கலங்களின் நிறை குறைகளை இந்நிகழ்வு ஒருங்கே காட்டுகிறது.

ஒப்பீடு

| கலம் | எதிர்முனை | நேர்முனை | மின்னழுத்தம் (வோல்ட்டு) | மீள மின்னேற்றம் |
|---|---|---|---|---|
| டேனியல் கலம் | துத்தநாகம் | செம்பு | 1.1 | இல்லை |
| உலர் கலம், காரக் கலம் | துத்தநாகம் | மாங்கனீசு ஈராக்சைடு | 1.5 | இல்லை |
| காரீய-அமிலக் கலம் | காரீயம் | காரீய ஈராக்சைடு | 2.0 - 2.1 | உண்டு |
| நிக்கல்-உலோக ஐதரைடு கலம் | உலோக ஐதரைடு | நிக்கல் ஆக்சி ஐதராக்சைடு | 1.2 | உண்டு |
| இலித்தியம் அயனிக் கலம் | கிராஃபைட்டு | இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடு | 3.6 - 3.7 | உண்டு |
| ஐதரசன் எரிபொருள் கலம் | ஐதரசன் | ஆக்சிசன் | 0.6 - 0.7 (பயன்பாட்டில்) | எரிபொருள் நிரப்பப்படும் |

பாதுகாப்பு

* பொத்தான் கலத்தைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. ஈரமான திசு மின்பகுளியாகச் செயற்பட்டு மின்னோட்டம் பாயும். எதிர்முனையருகே கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே திசுவை அரிக்கக்கூடும். தீர்ந்துவிட்டதாகக் கருதப்படும் கலத்திலும் இதற்குப் போதிய மின்னழுத்தம் இருக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
* காரீயம் நச்சுத்தன்மை உடையது. பழைய காரீய-அமிலக் கலங்களை உடைத்துத் திறந்தவெளியில் உருக்குவதால் மண்ணும் காற்றும் மாசடைகின்றன. அருகில் வாழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கிறது. முறையான ஆலைகளில் இக்கலங்களின் காரீயத்தில் பெரும்பகுதியை மீட்டு மீண்டும் பயன்படுத்த இயலும்.
* முதன்மைக் கலங்களை மின்னேற்ற முயலக்கூடாது. எந்தக் கலத்தையும் தீயில் இடக்கூடாது.
* உப்பிப்போன இலித்தியம் அயனிக் கலத்தை அழுத்தவோ துளையிடவோ கூடாது; பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* மின்பகுப்பு
* ஆக்சிசனேற்ற ஒடுக்க வினைகள்
* பாரடேயின் மின்பகுப்பு விதிகள்
* மின்தேக்கி
* சூரிய மின்கலம்